மூன்று முறை மக்கிய மூலை

பஸ் பாடி கட்டும் நம் பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் எல்லோருக்கும்,

நான் வேலையை விட்டு ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. உங்களில் பாதிப் பேருக்கு அது இன்னும் தெரியாது போலிருக்கிறது. வாரத்துக்கு இரண்டு பேராவது மக்கிப்போன மரத்தைப் போட்டோ எடுத்து அனுப்பி, "மேஸ்திரி, இதுக்கு என்னங்க பண்றது?" என்று கேட்கிறீர்கள். நான் "தண்ணி எங்கிருந்து வருது?" என்று திருப்பிக் கேட்கிறேன். பதிலுக்கு அதே மரத்தை இன்னும் கிட்டத்தில் போய் எடுத்த போட்டோ வருகிறது. நம் முதலாளியிடம் இதைச் சொல்லி அலுத்துக்கொண்டேன். "அப்ப எழுதிக் குடுங்க மேஸ்திரி, படிக்கட்டும். ஆனா அறிவுரை மட்டும் வேண்டாமுங்க, ஒருத்தனும் படிக்கமாட்டான். நீங்க சொதப்புனதை எழுதுங்க" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

சொதப்பலுக்கு என்னிடம் பஞ்சமில்லை. பஸ்ஸுக்குள் ஏறியவர் இறங்க முடியாதபடி கதவு மாட்டியிருக்கிறேன். அளவெடுத்த பென்சிலைக் காதில் வைத்துக்கொண்டு அரை நாள் தேடியிருக்கிறேன். அதெல்லாம் கை செய்யும் தப்பு, மறுநாளே சரிசெய்துவிடலாம். நான் சொல்லப்போவது வாய் செய்த தப்பு. கேட்க வேண்டிய ஒரே ஒரு கேள்வியை, கேட்டால் மரியாதையாக இருக்காது என்று விழுங்கிவிட்டு, ஒரு கேரவனின் ஒரே மூலையை மூன்று முறை பிரித்து மூன்று முறை பூட்டினேன்.

கேரவன் என்றதும் நடிகர்கள் உட்கார்ந்து மேக்கப் போடுகிற பெரிய பஸ்ஸை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது ஜீப்புக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப்போகிற சின்ன வீடு. வெளியே அலுமினியத் தகடு, உள்ளே மெல்லிய மரச்சட்டம், பிளைவுட் தரை. இரண்டு பேர் படுக்க ஒரு கட்டில், அடுப்பு, சிங்க், சாமான் வைக்கப் பெட்டி போட்ட பெஞ்சு. எந்த நாட்டிலோ செய்தது. எப்படியோ நீலகிரியில் ஒரு எஸ்டேட்டுக்கு வந்து சேர்ந்து, அங்கே பல வருடம் மழையிலும் பனியிலும் கேட்பாரில்லாமல் நின்றிருக்கிறது. அதைக் காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் மில் வைத்திருக்கும் நாச்சிமுத்து அண்ணன் வாங்கி, நேராக நம் பட்டறைக்கு இழுத்துவந்தார்.

அவர் வாங்கியதற்குக் காரணம் அவர் மனைவி ருக்குமணி அக்கா. கல்யாணமாகி வந்த முப்பத்து நாலு வருடத்தில் அக்கா ஒரு ராத்திரிகூட வெளியூரில் தங்கியதில்லை. சொந்தக்காரர் கல்யாணம் என்றாலும் தாலி கட்டி முடிந்ததும் பஸ் ஏறிவிடுவார். அடுத்தவர் வீட்டில் படுத்தால் தூக்கம் வராது. லாட்ஜ் என்ற சொல்லைக் கேட்டாலே முகத்தைச் சுளிப்பார். ஆனால் கன்னியாகுமரியில் நின்று கடலைப் பார்க்க வேண்டும் என்று கல்யாணமான புதிதிலிருந்தே ஒரு ஆசை. அண்ணன் வருடக்கணக்கில் யோசித்து இந்த வழியைக் கண்டுபிடித்திருக்கிறார்.

"அவ ஊட்டை உட்டுட்டு வரமாட்டீங்கறா மேஸ்திரி. அதனால ஊட்டையே கூட்டிட்டுப் போயிரலாம்னுட்டேன்" என்றார். கூட வந்திருந்த மகன் கார்த்தி, "ஊட்டிக்குப் போனா எல்லாரும் வர்க்கி வாங்கிட்டு வருவாங்க, எங்கப்பா இதை வாங்கிட்டு வந்திருக்காருங்க" என்றான். அண்ணன் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு அவ்வளவு நன்றாக இல்லை.

வண்டியைச் சுற்றி வந்தேன். பின்பக்க இடது மூலையை விரலால் தட்டினேன். அது சொத சொதவென்று இருந்தது. மற்ற இடங்களைத் தட்டவில்லை. அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அந்த மனிதரிடம் கெட்ட செய்தி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "ஒரு மூலைதானுங்ணா. நாலு நாள்ல முடிச்சுப்போடலாம்" என்றேன். தகட்டைக் கழற்றிய பிறகு பார்த்தால், சட்டம் இருக்க வேண்டிய இடத்தில் காப்பித்தூள் மாதிரி ஒரு பொடிதான் இருந்தது. நாலு நாள் வேலை ஆறு வாரம் ஆயிற்று. அதனால்தான் உங்களிடம் எப்போதும் சொல்கிறேன், திருப்புளியால் நாலு பக்கமும் குத்திப் பார்க்கும்வரை வாயைத் திறக்காதீர்கள். வண்டிக்குச் சொந்தக்காரர் எவ்வளவு நல்லவரோ அவ்வளவு அதிக நேரம் வாயை மூடிக்கொண்டிருங்கள்.

வேலை நன்றாகவே அமைந்தது. தேக்குச் சட்டம், தண்ணீர் தாங்கும் பிளைவுட், புது ரப்பர், மூட்டுக்கெல்லாம் பசை. காங்கேயம் பக்கம் மழை எப்போதாவது வரும் விருந்தாளி. இனி அந்த வண்டிக்கு ஓதமே ஏறாது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லி அனுப்பினேன். தை பிறந்ததும் கன்னியாகுமரி என்று முடிவாயிற்று.

பொங்கலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது அண்ணன் போன் செய்தார். "மேஸ்திரி, நல்லா இருக்கறீங்களா? ஊட்ல எல்லாரும் சவுக்கியமுங்களா? மாடு கன்னெல்லாம்?" என்னிடம் மாடு கிடையாது. அவர் இவ்வளவு விசாரித்ததிலேயே ஏதோ பெரிய சமாச்சாரம் என்று புரிந்துவிட்டது. கடைசியில், "ஒண்ணுமில்லீங்க, காலுக் கட்டைவெரலு தரைக்குள்ள போயிருச்சுங்க" என்றார்.

ஓடினேன். மில் களத்தில் கொப்பரை காய்ந்துகொண்டிருந்தது. ஓரமாக வண்டி நின்றது. அண்ணன் என்னை வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். அக்கா ஒரு பித்தளைச் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து, "மொதல்ல தண்ணி குடிங்க தம்பி" என்றார். வெயிலில் வந்த எனக்கு அந்தத் தண்ணீர் தொண்டையில் இறங்கியபோது கண் செருகியது. அவ்வளவு குளிர்ச்சி. "தண்ணி அமிர்தமா இருக்குதுங்க்கா" என்றேன். அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, இன்னொரு சொம்பு வந்தது. அதையும் குடித்தேன். அந்த ஒரு வருடத்தில் அந்தக் களத்துக்கு நான் போன ஒவ்வொரு முறையும் இது நடந்தது என்பதை மட்டும் இப்போதைக்கு மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு வண்டிக்குள் போனேன். உள்ளே துரும்புகூட இல்லை. பெஞ்சுப் பெட்டிகள் காலி. தரை துடைத்து, கழுவி, சாம்பிராணிகூடப் போட்டிருந்தார்கள். அடுத்தவர் கைக்குப் போகிற வண்டியைச் சுத்தமாகத்தான் கொடுக்க வேண்டும் என்பது அக்காவின் கொள்கை. நம் பக்கத்து வீடுகளெல்லாம் அப்படித்தான். அதே பின் இடது மூலை, நான் புதிதாகப் போட்ட தரை, காலால் அழுத்தினால் ஊறிய ரொட்டி போல அமுங்கியது. பொங்கல் போயிற்று. வண்டி மறுபடி பட்டறைக்கு வந்தது.

பட்டறையில் ஆளுக்கொரு கருத்துச் சொன்னார்கள். வெல்டர் கூரை என்றார். பெயிண்டர் ஜன்னல் ரப்பர் என்றார். தார்ப்பாய் தைக்கிறவர் கரையான் என்றார், அவருக்கு எல்லாமே கரையான்தான். நான் எல்லோரையும் விலகச் சொல்லிவிட்டு, வண்டிமேல் ஹோஸ் பைப்பைப் பிடித்து இரண்டு மணி நேரம் தண்ணீர் அடித்தேன். உள்ளே ஒருவர் டார்ச்சுடன் உட்கார்ந்திருந்தார். ஒரு சொட்டு இறங்கவில்லை.

இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வெளியிலிருந்து தண்ணீர் வரவில்லை என்று வண்டியே சொல்லிவிட்டது. அப்படியானால் உள்ளிருந்து வருகிறது. அதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் நான் அக்காவிடம், "உள்ளே தண்ணியை எங்காவது கொட்டறீங்களா?" என்று கேட்டிருக்க வேண்டும். எப்படிக் கேட்பது? சாம்பிராணி போட்டு வண்டி அனுப்புகிற வீட்டு அம்மாவிடம், நீங்கள் சுத்தமாகப் புழங்குவதில்லையா என்று கேட்பது போலல்லவா ஆகும்? அந்தச் சொம்புத் தண்ணீரைக் குடித்த வாயால் அதைக் கேட்க முடியுமா? முடியாது என்று முடிவு செய்தேன். முடிவு செய்த பிறகு, கூரையில்தான் கோளாறு என்று என்னை நானே நம்பவைத்துக்கொண்டேன். கண்ணுக்குத் தெரியாத கசிவு என்று ஒரு பெயரும் கொடுத்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. மக்கிய தரையைப் பெயர்த்தபோது இடுக்கில் ஆற்றுமணல் இருந்தது. ஒரு பிடி தேறும். நம் பட்டறையில்தான் எங்கே பார்த்தாலும் மணலும் மண்ணும் ஆயிற்றே என்று நினைத்து, விளக்குமாற்றை எடுத்துக் கூட்டித் தள்ளிவிட்டேன். விடையைக் குப்பையில் போட்டுவிட்டு, கூரையில் ஏறி நாலு நாள் பசை தடவினேன்.

வண்டி திரும்பிப் போனது. அண்ணனுக்கு என்மேல் நம்பிக்கை கொஞ்சம் குறைந்திருக்க வேண்டும். ஆனால் அதை என்னிடம் சொல்வது மரியாதையில்லை என்று அவரும் நினைத்திருக்கிறார். எனக்குத் தெரியாமல் வாஸ்து பார்ப்பவர் ஒருவரை அழைத்துவந்து காட்டியிருக்கிறார். அவர் திசைகாட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியை மூன்று சுற்றுச் சுற்றி, "ஈர மூலை அக்கினி மூலையில நிக்குதுங்க. நெருப்பு இருக்கற எடத்துல தண்ணி இருந்தா எப்படிங்க ஒத்துப்போகும்? ஈசானியத்துல இருந்தா தண்ணி நெம்ப நல்லது" என்றிருக்கிறார். வீடாக இருந்தால் இடித்துக் கட்டச் சொல்லியிருப்பார். இதற்குச் சக்கரம் இருக்கிறது. டிராக்டர் கட்டி, வண்டியைத் திருப்பி, ஈர மூலையை ஈசானிய மூலைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கன்னியாகுமரிக்குப் போகிற வழியில் வண்டி எத்தனை முறை திரும்பும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் வாஸ்துக்காரருக்கு மரியாதையாக இருக்காதே.

மில்லில் வேலை நெருக்கடி, பயணம் தள்ளித் தள்ளிப் போய் ஆடி மாதம் வந்தது. ஆடியில் யாரும் புதிதாகப் பயணம் கிளம்பமாட்டார்கள், ஆவணி பிறக்கட்டும் என்று இருந்தார்கள். ஆவணி பிறப்பதற்குள் தரை மூன்றாம் முறை அமுங்கிவிட்டது. இந்த முறை போன் செய்தது அண்ணன் இல்லை, கார்த்தி. விசாரிப்பு எதுவும் இல்லை.

"மேஸ்திரி, நீங்க வர வேண்டாமுங்க. சும்மா தகவலுக்குச் சொல்றேன். திங்கக்கெழம பைபாஸ்ல டீக்கடை வெச்சிருக்கறவரு வாராரு. சக்கரத்தைக் கழட்டிட்டுக் கடையாக்கிக்கறேங்கறாரு. நான் சரின்னுட்டேன்."

"அண்ணன் என்னுங்க சொல்றாரு?"

"அவரு என்னத்தைச் சொல்றது? ஏமாந்து வாங்கிட்டாரு. ஊரே சிரிக்குது. இன்னியோட உட்டுரலாமுங்க."

என் வேலைக்குக் கெட்ட பெயர் வந்தது ஒரு பக்கம். கடலைப் பார்க்க வேண்டும் என்று முப்பத்து நாலு வருடம் காத்திருந்த அக்காவின் வீட்டை, டீக்கடையாக்கப் போகிறார்கள் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. திங்கட்கிழமை மத்தியானம் யாருக்கும் சொல்லாமல் காங்கேயம் பஸ்ஸில் ஏறிவிட்டேன். போன் செய்துவிட்டுப் போவதுதான் முறை, என் வாழ்நாளில் முறை தவறியதில்லை. ஆனால் போன் செய்தால் என்ன சொல்வதென்று தெரியவில்லை, அதனால் செய்யவில்லை. சொல்லாமல் போனதால் வண்டியைக் கழுவி வைக்க அவர்களுக்கு நேரமிருக்காது என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. அதைப் புத்திசாலித்தனம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

போய்ச் சேர்ந்தபோது இரண்டு மணி இருக்கும். வண்டியின் கதவு திறந்திருந்தது. படிக்கட்டுக்கு முன்னால் கோலம். உள்ளே எட்டிப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். அடுப்பில் காப்பிப் பாத்திரம், கொடியில் துண்டு, சுவரில் முருகன் படம், ஜன்னல் ஓரத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி. கட்டிலில் அண்ணன் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். பெஞ்சில் அக்கா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அடடா, வாங்க தம்பி! ஒரு போனைப் போட்டிருந்தா சுத்தம் பண்ணி வெச்சிருப்பனே" என்று பதறி எழுந்தார்.

"என்னுங்க்கா இது, குடியே வந்துட்டீங்களா?"

"இல்லீங்க தம்பி" என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு. "எனக்குத்தான் புது எடத்துல தூக்கம் வராதுல்ல. அதுக்கோசரம் தெனமும் மத்தியானம் இங்க வந்து படுத்துப் பழகறனுங்க. வண்டி வந்த நாள்ல இருந்து. சோறாக்கித் தின்னுட்டு, கன்னியாகுமரி போலாமா வான்னு இவரு கூப்புடுவாரு. வந்து படுத்துக்குவோம். சாயங்காலம் ஊட்டுக்குப் போயிருவோம்."

ஒரு வருடமாக இரண்டு பேரும் கொப்பரைக் களத்திலேயே கன்னியாகுமரி போய் வந்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கத்தான் முடியவில்லை.

"இன்னிக்கு அந்த டீக்கடைக்காரரு வாராராமா தம்பி. அதான் கடைசியா ஒருக்கா படுத்துக்கலாம்னு வந்தோம். செரி, மொதல்ல தண்ணி குடிங்க" என்று சொல்லிவிட்டு அக்கா வண்டியின் பின் இடது மூலைக்குப் போனார். பெஞ்சுப் பெட்டியின் மூடியைத் தூக்கினார். உள்ளே ஒரு இரும்புச் சட்டி, கொத்தனார்கள் சிமெண்டு சுமப்பது. சட்டி நிறைய ஆற்றுமணல். மணலுக்கு நடுவே வயிறு பெருத்த மண்பானை ஒன்று. அதில் சொம்பை முக்கி எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் இருந்த வாளியில் தண்ணீர் மொண்டு, பானையைச் சுற்றி மணலில் சலசலவென்று ஊற்றினார். பேசிக்கொண்டேதான் ஊற்றினார், கை தானாகச் செய்தது.

நான் வாயில் தண்ணீரோடு நின்றேன். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கடைசியில் விழுங்கினேன். அப்போதும் அமிர்தமாகத்தான் இருந்தது.

"ஏனுங்க்கா, இந்த மணலுக்குத் தெனமும் தண்ணி ஊத்துவீங்களா?"

"காத்தால ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா, பொழுதோட ஒருக்கா. மணலு காஞ்சுபோனா தண்ணி சில்லுனு இருக்காதுங்களே. எனக்கு வேற தண்ணி ஒத்துக்காது தம்பி. எங்க கெணத்துத் தண்ணி, மம்பானை. அது இல்லாம நான் எங்கயும் போகமாட்டேன்."

"ஊத்தற தண்ணி அப்பறம் எங்கீங்க்கா போகுது?"

"அது..." என்று ஆரம்பித்தவர் நின்றுவிட்டார். சட்டியைப் பார்த்தார். சட்டியின் அடி துருப்பிடித்து ஓட்டையாகி எத்தனை மாதமோ. தரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "தம்பி, நாந்தானுங்களா?"

நான் கையிலிருந்த சொம்பைப் பெஞ்சின்மேல் வைத்தேன்.

"வாஸ்துக்காரரு வேற ஈசானியத்துல தண்ணி இருந்தா நல்லதுன்னாருங்க. அதுக்கப்பறம் பானையப் பெருசா மாத்திப்போட்டனே" என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். முதலில் சிரிக்கிறார் என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததும்தான் புரிந்தது. "வண்டி உங்ககிட்ட வாரப்பெல்லாம் பானையையும் சட்டியையும் எடுத்து ஊட்ல வெச்சுட்டு, தரையத் தொடச்சுத்தான தம்பி அனுப்புனேன். அடுத்தவங்களுக்குத் தொந்தரவாகக் கூடாதுன்னு. இந்த மனுசன் ஒரு வருசமா பையங்கிட்டப் பேச்சு வாங்கறாரே, ஏமாந்தவருன்னு. எல்லாம் என்னாலயா?"

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அதே நேரம் வாசலில் கார் வந்து நின்றது. கார்த்தியும் டீக்கடைக்காரரும் இறங்கினார்கள். வண்டியை விட்டுக் கீழே இறங்குவதற்குள் நான் முடிவெடுக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், மகன் முன்னால், வெளி ஆள் முன்னால் அக்கா தலைகுனிய வேண்டும். என் வேலைதான் சரியில்லை என்று சொன்னால் அக்கா தப்பிப்பார், ஆனால் அண்ணன் ஏமாந்தவராகவே இருப்பார், வண்டி பைபாஸுக்குப் போய்விடும். நாற்பது வருட அனுபவம் என்று பீற்றிக்கொள்கிறேனே, அந்த மூன்று படிக்கட்டில் அதில் ஒன்றும் உதவிக்கு வரவில்லை.

"நீங்களுமா வந்துட்டீங்க?" என்றான் கார்த்தி. "செரி, வந்ததும் நல்லதுதான். இவரு முன்னாடியே சொல்லீருங்க மேஸ்திரி. உங்க வேலை சரியில்லீங்களா, வண்டியே சரியில்லீங்களா?"

"அது வந்துங்க தம்பி..." என்றேன். "இப்ப என்னன்னா..." என்றேன். "பாத்தீங்கன்னா..." என்றேன். நம் ஊரில் ஒன்றும் சொல்லாமல் ஐந்து நிமிடம் பேச முடியும், அதில் நான் கெட்டிக்காரன்.

அதற்குள் அக்கா இரண்டு சொம்போடு இறங்கிவந்து ஆளுக்கொன்று நீட்டினார். யார் வந்தாலும் முதலில் தண்ணீர், அதில் மாற்றமில்லை. டீக்கடைக்காரர் அண்ணாந்து மடக் மடக்கென்று முழுச் சொம்பையும் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். "ஏனுங்கம்மா, தண்ணி ஐஸாட்டம் இருக்குதுங்களே! எங்கிருந்துங்க எடுத்துட்டு வந்தீங்க?" என்றார்.

அவ்வளவுதான். எத்தனையோ சொம்பு குடித்தும் நான் கேட்காத கேள்வியை அந்த மனிதர் ஒரே சொம்பில் கேட்டுவிட்டார்.

அக்கா என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு நிமிர்ந்து நின்று, கொப்பரை அள்ளிக்கொண்டிருந்த ஆட்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"இந்த வண்டிக்குள்ள இருந்துதானுங்க. அங்கதான் மணலப் போட்டுப் பானை வெச்சிருக்கேன். மூணு வேளையும் மணலுக்குத் தண்ணி ஊத்தி, அந்தத் தண்ணி கீழ எறங்கி, தரைய மக்க வெச்சது நாந்தான். வண்டி நல்ல வண்டி. மேஸ்திரி வேலையும் நல்ல வேலை. எங்கூட்டுக்காரரு ஒண்ணும் ஏமாறலீங்க."

என் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அண்ணன் தூக்கம் கலைந்து, தலை கலைந்து, வேட்டியைப் பிடித்தபடி கதவில் நின்றார்.

"அப்ப நான் வாங்குனது நல்ல வண்டிதானா?"

"நல்ல வண்டிதானுங்க" என்றார் அக்கா.

அண்ணன் படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "ஒரு வருசமா தெனமும் அந்தத் தண்ணியத்தான நானும் குடிச்சேன்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கார்த்தி கையிலிருந்த சொம்பையே பார்த்துக்கொண்டு நின்றான், பிறகு அவனும் குடித்தான். "ஏம்மா, முன்னாடியே சொல்லக்கூடாது?" என்றான், குரல் இறங்கியிருந்தது. "எனக்குத் தெரிஞ்சாத்தான கண்ணு சொல்றதுக்கு" என்றார் அக்கா.

அதற்குமேல் நான் பேசாமல் இருந்தால் மனிதனில்லை. "தப்பு அக்கா மேல இல்லீங்க" என்றேன். "தண்ணி மேலிருந்து வரலைன்னு எனக்குத் தையிலயே தெரியுமுங்க. மணலு கூடக் கெடச்சுது. உள்ள தண்ணி பொழங்கறீங்களான்னு கேட்டா மரியாதையா இருக்காதுன்னு கேக்காம உட்டுப்போட்டனுங்க."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டிருந்தா நான் உங்களைக் கடிச்சா வெச்சிருப்பேன் தம்பி?"

பிள்ளைகளே, இந்தத் தொழிலில் நான் வாங்கிய திட்டுகளில் இதுதான் பெரியது. இன்றுவரை உறைக்கிறது. மரம் ஏன் மக்கியது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், அந்த வண்டியில் யார் எப்படிப் புழங்குகிறார்கள் என்று கேளுங்கள். எங்கே சமைக்கிறார்கள், எங்கே ஈரத்துணி போடுகிறார்கள், சாமி படத்துக்கு முன்னால் தீர்த்தம் எங்கே வைக்கிறார்கள் என்று கேளுங்கள். நம் ஊர்ப் பேச்சுக்கு ஒரு வசதி உண்டு. கடைசியில் ஒரு 'ங்க' போட்டால் எதையும் யாரிடமும் கேட்கலாம். நான் அந்த 'ங்க'வைக் கேட்காமல் இருப்பதற்குப் பயன்படுத்தினேன். வண்டியை நீங்களே போய்ப் பாருங்கள், சொல்லாமல் போய்ப் பாருங்கள், கழுவுவதற்கு முன்னால் பாருங்கள்.

டீக்கடைக்காரர், "அப்ப எனக்கு வண்டி இல்லீங்களா?" என்று கேட்டார். இல்லை என்று தெரிந்ததும் கோபித்துக்கொள்ளவில்லை. மணல் எத்தனை கூடை போட வேண்டும், பானை எங்கே வாங்கியது என்று விவரமாகக் கேட்டுக்கொண்டு, இன்னொரு சொம்பு குடித்துவிட்டுப் போனார்.

மூலையை மூன்றாம் முறை பிரித்துப் பூட்டினேன். பானையை விட்டுவிடுங்கள் என்று அக்காவிடம் நான் சொல்லவில்லை, சொன்னாலும் நடந்திருக்காது. வண்டி நிற்கும் இடத்தில் வெளியே இறக்கிவைத்துக்கொள்ள ஒரு இரும்பு ஸ்டாண்டு மட்டும் வெல்டரிடம் சொல்லிச் செய்து கொடுத்தேன். ஆவணியில் ஒரு நல்ல நாள் பார்த்து, மில்லைக் கார்த்தியிடம் விட்டுவிட்டு, நாலு நாளில் வந்துவிடுவதாகச் சொல்லிக் கிளம்பினார்கள்.

இரண்டாம் நாள் காலையில் அக்கா போன் செய்தார். காற்றுச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. "தம்பி, கடலு நெம்பப் பெருசுங்க" என்றார். நான், "ராத்திரி தூக்கம் வந்துதுங்களா?" என்று கேட்டேன். "படுத்ததும் தூங்கிப்போட்டேன். ஒரு வருசம் பழகுனேனில்ல" என்றார். என் வேலைக்கு யாரும் அப்படி ஒரு பாராட்டுச் சொன்னதில்லை.

பன்னிரண்டாம் நாள் கார்த்தி போன் செய்தான்.

"மேஸ்திரி, நல்லா இருக்கறீங்களா? ஊட்ல எல்லாரும் சவுக்கியமுங்களா?"

"சவுக்கியமுங்க தம்பி. சொல்லுங்க."

"அப்பாவும் அம்மாவும் கன்னியாகுமரி முடிச்சு, திருச்செந்தூர் போயி, இப்ப ராமேஸ்வரத்துல இருக்காங்க. நேத்துக் கேட்டா தஞ்சாவூருங்கறாங்க. அப்பா வந்தரலாம்னுதான் சொல்றாராமா, அம்மாதான் மாட்டேங்குது. இங்க மில்லுல நான் ஒத்தை ஆளா மாட்டிட்டு முழிக்கறனுங்க." கொஞ்சம் தயங்கினான். "நீங்க ஒரு போனைப் போட்டு, வண்டியில ஏதோ கோளாறு இருக்குது, தரை தாங்காது, உடனே திருப்பிட்டு வந்துருங்கன்னு சொல்லீருங்களேன். நீங்க சொன்னா அம்மா கேக்கும்."

நான் யோசிக்கவே இல்லை.

"வண்டியில ஒரு கோளாறும் இல்லீங்க தம்பி" என்றேன். "காசி வரைக்கும் தாராளமா தாங்குமுங்க."